கொடியில் கிடந்த நீலச் சேலை

நெடுநாள் நின்ற மரத்தில் கூடு கட்டும் பறவைகள் மரத்திடம் கேட்டுக்கொண்டா கட்டுகின்றன? பண்பொழிக்குப் பக்கத்துச் சிற்றூரில் ரெங்கம்மாளின் நிலையும் அதுதான். நூறு வயதைத் தாண்டிப் பல வருடம் ஆயிற்று. ஊரில் பிறந்த பிள்ளையை முதன்முதல் வீட்டுக்குள் கொண்டுவரும்போது, அவள் உடுத்திக் கழித்த சேலைத்துண்டில்தான் சுற்றுவார்கள். உடுத்தியவளின் ஆயுள் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. எழுந்து நடக்க மாட்டாத ரெங்கம்மாளும் அதை நம்பினாள்.

அன்று சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தது. பேரன் பெண்டாட்டி சங்கரேஸ்வரி, பூசணம் பிடித்துவிடுமென்று ரெங்கம்மாளின் தகரப்பெட்டித் துணிகளை எடுத்து முற்றத்துக் கொடியில் உலர்த்தியிருந்தாள்.

எதிர்வீட்டு மணிமுத்து பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தான். குறைமாதத்தில் பிறந்து, தென்காசி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவன் மகள் அன்றுதான் வீட்டுக்கு வருகிறாள்.

"மதினி, ஆச்சி சேலையில ஒரு துண்டு வேணும். கார் செங்கோட்டை தாண்டிருச்சாம்."

"கொடியில கெடக்க நீலத்தக் கிழிச்சுக்கோ. பழசு, மெத்துன்னு இருக்கும்."

கட்டிலில் கிடந்த ரெங்கம்மாள் வாசல்வழியே கொடியைப் பார்த்தாள். அது அவள் சேலையன்று. தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த மகள் உலகம்மையின் சேலை.

"ஏலே மணி, அது எஞ் சேல இல்லலே! செத்துப்போன உலகம்மைக்குள்ளது. பச்சப்புள்ள மேல போட்டுராத!"

சங்கரேஸ்வரி சிரித்தாள். "அவுக அப்படித்தான் சொல்லுவாக. காலைல என்னையே யாருட்டி நீன்னு கேட்டாக."

"எனக்கு ஓர்மை இருக்குட்டி!"

"ஓர்மையா? எப்பவோ போய்ச்சேந்த தாத்தா சாப்பிட்டாரான்னு நேத்து கேட்டது யாரு?"

ரெங்கம்மாள் உடுத்தியிருந்த சேலையின் முந்தானையை நீட்டினாள். "இதக் கிழி. இதான் எனக்குள்ளது."

"உடுத்திருக்க சேலையவா! எம்பிள்ள மேல ஆச்சிக்கு எம்புட்டுப் பிரியம் பாருங்க மதினி." மணிமுத்து கண் கலங்கிக் காலைத் தொட்டு வணங்கினான். அவள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். நோகாமல் ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டுப் போனான். முற்றத்தில் துணி கிழியும் ஓசை கேட்டது.

அவள் வயதை நம்பித்தான் துணிக்கு வந்தான். அந்த வயதைப் பார்த்துத்தான் அவள் சொல்லை நம்பாமல் போனான்.

பொழுது சாயும்போது எதிர்வீட்டில் பிள்ளை அழுதது. சட்டென்று நின்றது. ரெங்கம்மாள் தலையைத் தூக்கிச் செவி கொடுத்தாள். மறுபடியும் மெல்லிய குரல் எழுந்தது. அதன் பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

"அழுட்டி, எங் கண்ணு. நிப்பாட்டாத."

"தன்னால பேசாம தூங்குங்க ஆச்சி. சாரல் அடிக்கு" என்றபடி சங்கரேஸ்வரி வந்து ஜன்னலை இறுகச் சாத்தினாள்.