எஸ்ராவின் விளக்கு வில்லை

யார்க்ஷயரின் நிலக்கரி ஊரான ஓல்கேட்டில் ரக்பி ஆடுகிறவர்களுக்கு அந்த நாளில் ஒரு சட்டம் இருந்தது. வாரம் முழுக்க வேலைக்குப் போனவன்தான் சனிக்கிழமை ஆடலாம். ஆட்டமே பிழைப்பாகிவிடக் கூடாதென்று வடக்குச் சங்கத்தார் போட்டது. கிளப் செயலாளர் பிரிக்ஸ் ஒவ்வொருவரிடமும் "போனியா?" என்று கேட்பார். "போனேன்" என்று சொன்னால்தான் ஆட்டச் சட்டை கைக்கு வரும்.

கோப்பை அரையிறுதிக்கு முந்தைய நாள், சுரங்கத் தொழிலாளியும் ஆட்டக்காரனுமான எஸ்ரா லம்புக்குக் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. அதே வீட்டில் இருந்த அவன் மனைவியின் அண்ணன் கிளெமும் சுரங்கத்துக்காரன்தான்; அவனுக்கு அன்று ஓய்வு. எஸ்ராவின் பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டான். சுரங்க வாசலில் அதைக் கொடுத்தால்தான் விளக்குத் தருவார்கள். ஆள் வந்ததற்கு அடையாளமும் அதுவே.

"நீ காலை நீட்டிப் படு மாப்ளே. உன் பேர்ல நான் இறங்குறேன். கரிக்கு மூஞ்சி தெரியவா போகுது?"

எஸ்ரா மறுக்கவில்லை. சுரங்க மேஸ்திரியும் ஆட்டப் பைத்தியம். பார்த்தும் பார்க்காதவராக இருந்தார். மதியம் மேற்பாறை சரிந்தது. கிளெமின் வலக்கால் முழங்காலோடு போயிற்று. அவன் கூடுதல் வேலைக்கு வந்தவன் என்று மேஸ்திரி சொல்லி விஷயத்தை மூடிமறைத்துவிட்டார்.

மறுநாள் பிரிக்ஸ் கேட்டபோது எஸ்ரா "போனேன்" என்றான். ஜெயித்தார்கள். ஊரே அவனைத் தோளில் தூக்கியது. பாவம், கீழே இறக்கிவிடச் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கிளெம் முதலில் கேட்டது ஆட்டத்தைத்தான்.

"எல்லைக்கோட்டைத் தாண்டுனியா?"

"தாண்டினேன் மச்சான்."

"அப்ப என் காலும் கூடவே ஓடியிருக்கு" என்று சிரித்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமல் எஸ்ரா தொப்பியை எடுத்துக்கொண்டான்.

அதன்பின் இறுதி ஆட்டம் வரை ஒரு நாள்கூடத் தவறாமல் சுரங்கத்தில் இறங்கினான். இம்முறை வாய்கூசாமல் "போனேன்" என்று சொல்லலாம். பிரிக்ஸ் சட்டையை நீட்டினார். எஸ்ரா வாங்கவில்லை.

"இந்த வாரம் போனேன் ஐயா. அரையிறுதி வாரம் எனக்காகப் போனது கிளெம்."

அவனை அணியிலிருந்து விலக்கினார்கள், மேஸ்திரியின் வேலையும் போயிற்று, ஓல்கேட் தோற்றது.

பாரம் இறங்குமென்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான். சேதி அவனுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. கிளெம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"காலும் போச்சு, கப்பும் போச்சு. உன் மனசு ஆறணும்னு என் காலை வீணாக்கிட்டியேடா."

எஸ்ரா கட்டிலருகே நின்றான். சுவரைப் பார்த்தபடியே கிளெம் கேட்டான்:

"திங்கக்கிழமை வேலைக்குப் போவியா?"

"போவேன் மச்சான்."

"போ. இனி போனியான்னு கேக்கத்தான் ஆளில்லை."