நல்ல வார்த்தை சொல்லப் போனவர்

பழைய கட்டடங்களை இடித்துக் கதவு, சன்னல், உத்தரம் என்று பிரித்து விற்பவர் என்பதால் ஊரில் அவருக்கு இடிக்காரர் என்றே பெயர். எந்தச் சாமானையும் பார்த்து அவர் நல்லதாக ஒரு சொல் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வாங்கப்போகிற பொருளை வாயாரப் பழிக்கத் தெரியாதவன் வியாபாரியே அல்ல என்பது, கடைத்தெருப் பிள்ளைகள் பால்குடி மறக்குமுன் படித்துவிடுகிற பாடம்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் ஒரு நல்ல வார்த்தை கேட்டாள் தங்கை. அவள் அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் நிலையத்தை இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடுவதா, பழுதுபார்ப்பதா என்று முடிவுசெய்ய மேலிடத்து இன்ஜினியர் வந்திருந்தார். கூரை மரம் உறுதிதானா என்பதில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

"மரத்தைப் பத்தி நீ சொன்னா அவர் கேப்பாரு அண்ணே. உள்ளதைச் சொல்லு, போதும்."

உள்ளதைச் சொல்லித் தனக்குப் பழக்கமில்லையே என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

அது ஊருக்கு மிஞ்சிய நிலையம். கல் குவாரிக்காகப் பாதை போட்ட காலத்தில், கல்லுக்கா பஞ்சம் என்று தாராளமாக எழுப்பிவிட்டார்கள். முகப்பைக் கட்டியவர்கள் அண்ணன் தம்பி, இரண்டு கொத்தனார்கள். நடுவில் ஏதோ மனத்தாங்கல். பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அண்ணன் இடது கோடியிலிருந்தும் தம்பி வலது கோடியிலிருந்தும் கட்டிக்கொண்டே வந்தார்கள். அதனால் இந்தப் பக்க வளைவெல்லாம் அரைவட்டம், அந்தப் பக்கம் கூர்முனை. இருவரும் முட்டிக்கொண்ட நடுவாசலோ பாதி அப்படி, பாதி இப்படி. ஒற்றைப் புருவத்தைத் தூக்கிய மாமியார் போல நிற்கும் அதன் கீழே நுழையும்போது, டிக்கெட் வாங்கியவனுக்கும் ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். உள்ளே பயணிகள் கூடம். அண்ணாந்தால் தேக்கு உத்தரங்கள், உச்சியில் நீராவி இன்ஜின் புகை போவதற்கு விட்ட திறப்பு. புகை ஒழிந்த பிறகு அது காற்றை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

இடிக்காரர் புகழத் தொடங்கினார். முதலில் நாக்கு சண்டித்தனம் செய்தது. பிறகு ருசி கண்டுகொண்டது. மரத்தின் வயிரம், மூட்டின் இறுக்கம், கூடத்தின் குளிர்ச்சி என்று அடுக்கினார். அவர் அடுக்க அடுக்க இன்ஜினியரின் முகம் சுருங்கியது.

"முதலாளி, நானும் துணிக்கடைக்காரர் பையன்தான். இடிச்ச சாமானை எடுக்கிற நீங்களே இவ்வளவு புகழ்ந்தா, உங்களுக்கு இது வேண்டாம்னு அர்த்தம். உள்ளே உளுத்துப்போச்சு, அதானே?"

ஏணிகூட வேண்டாம், கீழிருந்தே இடிக்கச் சொல்லி எழுதிவிடலாம் என்று அவர் பேனாவைத் திறந்தார்.

உண்மையைச் சொல்லியல்லவா காரியம் கெட்டது. சத்தியம் செய்தால் சந்தேகம் இன்னும் கூடும். இடிக்காரர் தெரிந்த தொழிலுக்கே திரும்பினார்.

"மறைப்பானேன் சார், தங்கச்சி முகத்துக்காகச் சொன்னேன். இது ஒரு மரமா? அடுப்புல வச்சா அடுப்பு கோவிச்சுக்கும். அந்த வாசலைப் பாருங்க, ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் கட்டியிருக்கான். இடிச்சுத் தள்ளுங்க. நானே வண்டி கொண்டாந்து அள்ளிக்கிட்டுப் போறேன். விலைன்னு மட்டும் பேசாதீங்க, ஏதோ பாவம் பாத்துக் குடுக்கறேன்."

டிக்கெட் கவுன்ட்டருக்குள் தங்கையின் காது சிவந்தது. இன்ஜினியரின் முகமோ மலர்ந்தது. ஏணி கொண்டுவரச் சொல்லி, தானே ஏறி, உத்தரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். எல்லாம் கணீரென்று பதில் சொல்லின.

இறங்கி வந்தவர், இடிக்க வேண்டியதில்லை, பழுதுபார்த்தால் போதும் என்றார். ஓரத்தில் கூரை தாங்கும் ஒரே ஒரு கைமரம் மழையில் நனைந்து கெட்டிருக்கிறதாம்.

"உங்க கிடங்குல இதுக்கு ஜோடி இருக்குமே முதலாளி?"

கிடங்கு நிறைய மரம் கிடந்தது. வந்த கிராக்கியிடம் இல்லை என்று சொல்லாமல், இல்லாததையும் இருக்கு என்று சொல்லியே வளர்ந்தவர் அவர். ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி எங்கிட்ட எதுவும் இல்லீங்க," என்றார்.

கவுன்ட்டருக்குள்ளிருந்து தங்கை எழுந்து வெளியே வந்தாள்.