தையல்காரர் கைவைத்த ஃப்ரீவீல்

மெஷின் சத்தம் போட்டால் அதற்கு எண்ணெய்ப் பசி என்பது தையல்காரரின் அசைக்க முடியாத நம்பிக்கை. தையல் மெஷினுக்கு அது சரிதான். அதே நம்பிக்கையோடு மனிதர் மனைவியின் சைக்கிளிலும் கைவைத்துவிட்டார்!

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம் என்று இவர் ரிப்பேர் பார்த்ததெல்லாம் மண்டையைப் போட்டதைக் கண்ணாரக் கண்டவள். "என் சைக்கிளைத் தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் இவருக்குத் தீராத ஆசை.

பின்சக்கரத்தின் பல்சக்கரம், அதுதான் ஃப்ரீவீல், மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக்கென்று கத்தும். விடிகாலையில் அவள் தூங்கும்போது அதன் இடுக்கில் கெட்டி கிரீஸை விரலால் திணித்தார். சத்தம் அடங்கியது. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

வேலைக்குக் கிளம்பியவள் ஏறி மிதித்தாள். பெடல் சும்மா சுற்றியது. சக்கரம் நகருவேனா என்றது.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"சத்தம் வந்துச்சும்மா, அதான்..."

"அது சத்தம் போடத்தாங்க செய்யும்! உள்ள இருக்கற கொக்கி பல்லுல விழுந்து எழுந்திரிக்கிற சத்தம். அதையே ஒட்ட வெச்சுட்டீங்களே!"

விறுவிறுவென்று நடந்தே போய்விட்டாள்.

தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விடுகிற ஆளா? துணிகளை ஓரங்கட்டினார். சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேப்பர்மேல் படுக்கவைத்து, இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றினார். கறுப்பாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டார். தெளிவாக வழிகிறவரை ஓயவில்லை. காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெயில் சில சொட்டு விட்டுச் சுற்றினார். டிக்... டிக் டிக் டிக்!

"பேசுடி என் ராசாத்தி!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல்வரை அவரே ஓட்டிப் போனார். தோழி நர்ஸோடு வெளியே வந்தவள், கிரீஸ் அப்பிய புருஷன் மூஞ்சியைப் பார்த்தாள். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதுகொடுத்தாள். பிறகு தோழியிடம் திரும்பினாள்.

"உன் சைக்கிள் மக்கர் பண்ணுதுன்னியே, எங்க வீட்டுக்காரர்கிட்ட குடு. நல்லா பாப்பாரு."

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஓட்ட, இவர் கேரியரில் தொற்றிக்கொண்டார்.

"நல்லா பாப்பாருன்னா சொன்னே? இன்னொரு தடவை சொல்லேன்" என்று வீடு வரும்வரை பின்னாலிருந்து நச்சரித்துக்கொண்டே வந்தார்.