நடுவில் ஒரு நாற்பது

வெர்லின் டகெட்டின் அப்பா விட்டுப்போன சுழல்துப்பாக்கி ஏரிக்குள் போனதற்கு ஒரு கெளுத்தி மீன்தான் காரணம். அந்தக் கெளுத்தி கன்றுக்குட்டி அளவு இருந்தது என்பார் வெர்லின். கரையில் நின்று பார்த்தவர்கள், கன்றுக்குட்டி இல்லை, கறவை மாடு என்றார்கள். அது தூண்டிலை ஒரு இழு இழுத்தது. படகு சாய்ந்தது. வெர்லினின் இடுப்பில் இருந்தது தண்ணீருக்குள் குதித்தது. டில்லர்டு ஊரில் எவன் வந்து “படகுல போனப்ப துப்பாக்கி தொலைஞ்சுபோச்சு” என்று சொன்னாலும், எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று கண்ணடித்துச் சிரிப்பார்கள். நிஜமாகவே தொலைத்த ஒரே மனிதர் வெர்லின். அவரை ஒருவரும் நம்பவில்லை.

துப்பாக்கி மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அதோடு கல்யாணமும் முங்கிவிடும் போலிருந்தது.

அப்பாவின் துப்பாக்கியை வைத்திருப்பவனை டில்லர்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது அவன் வாங்கியதில்லை, வந்து சேர்ந்தது. ஆனால் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குகிறவன் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போதும் என்பது ஒரு கட்சி. சின்னது, உள்ளே நிறைய அடங்கும், கையை உலுக்காது. அகலத்தில் அரை அங்குலத்தை எட்டிப் பார்க்கிற நாற்பத்தைந்துதான் தோட்டா, மற்றதெல்லாம் பட்டாணி என்பது இன்னொரு கட்சி. மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான்.

ஒக்லஹோமாவின் மற்ற ஊர்களிலும் இந்தச் சண்டை உண்டு. அங்கே கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டில்லர்டில் அப்படி இல்லை. தேவாலயத்தில் இடப்பக்க பெஞ்சுகள் ஒன்பதுக்கு, வலப்பக்கம் நாற்பத்தைந்துக்கு. பாதிரியார் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தால் வலப்பக்கம் முழுக்க இருமும். பல் டாக்டர் மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு “நீங்க எந்தப் பக்கம்?” என்று விசாரிப்பார். பதிலைப் பொறுத்துத்தான் பல் மரத்துப்போகும்.

வெர்லினின் மனம் போயிருந்தது ஆர்டித் ஸ்டாம்ப்ஸ் மேல். ஆர்டித் விதவை. கால்நடைத் தீவனக் கடையில் கல்லாவில் உட்கார்பவள். எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வெர்லினுக்குக் கால்நடை என்று ஒரு கோழிகூடக் கிடையாது. இருந்தாலும் இரண்டு வருடமாக வாரம் தவறாமல் போய் மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கிவந்தார். கொட்டகை முழுக்க மூட்டை அடுக்கியதில் காருக்கு இடமில்லாமல் அது மழையில் நின்றது.

“உங்களுக்கு மாடே இல்லையே, வெர்லின்?” என்று ஒருநாள் ஆர்டித் கேட்டாள்.

“இனிமே வாங்கலாம்னு...”

“மாடு வாங்கப்போறீங்களா, என்னைக் கேக்கப்போறீங்களா?”

கேட்டுவிட்டார். ஆர்டித் முகம் சிவந்தது. ஆனால் உடனே ஒரு நிபந்தனையும் வந்தது. “எங்கப்பாவும் என் மகனும் ரெண்டு பேரும் ஒத்துக்கணும். ஏற்கெனவே அந்த மேஜையில ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மூணாவதா ஒரு சண்டையை என்னால தாங்க முடியாது.”

அப்பா எல்வுட்டுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நாற்பத்தைந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். மகன் டஸ்டின் ஷெரீப் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், ஒன்பது. தாத்தாவும் பேரனும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. நன்றி நவிலும் நாள் ஒன்றில், எதன் ஓட்டை பெரிது என்று தீர்த்துவிடலாம் என, விருந்துக்கு வாங்கி ஐஸில் கல்லாக உறைந்திருந்த வான்கோழியைத் தூக்கிக்கொண்டு இருவரும் பின்பக்க மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். வான்கோழி மூன்று பண்ணைகளுக்குப் பரவியது. யாருடைய ஓட்டை என்று பார்க்க ஓட்டை போட்ட பொருளே மிஞ்சவில்லை. குடும்பம் அன்றைக்கு டப்பா மக்கரோனி சாப்பிட்டது. அன்றிலிருந்து கிழவர் பேரனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நாயிடம் சொல்வார்.

இந்த வீட்டில், பெண் கேட்டு வருகிறவன் தன் துப்பாக்கியைக் காலியாக்கித் திறந்து மேஜையில் வைக்க வேண்டும் என்பது எல்வுட் போட்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வெர்லினை வரச் சொல்லிவிட்டார்கள். அவர் இடுப்போ காலி.

வியாழக்கிழமை வெர்லின் வான்டாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஆளுக்கொரு ஸ்டூலில் இரண்டு கிழவர்கள் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வாங்க மாட்டார்கள், வாங்க வருகிறவரை விடவும் மாட்டார்கள்.

“நாற்பத்தஞ்சை எடுங்க சார், யோசிக்காதீங்க” என்றார் ஒருவர்.

“எடுங்க எடுங்க. எட்டு தடவை சுட்டதும் தீர்ந்துடும். அப்புறம் செருப்பைக் கழட்டி அடிங்க” என்றார் மற்றவர்.

“ஒன்பதுன்னா என்ன பண்ணுவீங்க? அணிலுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவீங்களா?”

“நீ சுட்டா அணில் பயப்படாதுய்யா. உன் கை ஆட்டத்தைப் பார்த்து அதுக்கே பாவமா இருக்கும்.”

வெர்லின் வான்டாவைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வான்டா வாயிலிருந்த சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

“ஒன்பது வாங்கினா கிழவர் துரத்துவாரு. நாற்பத்தஞ்சு வாங்கினா டஸ்டின் துரத்துவான். அதானே?”

“அதான்.”

“நடுவுல ஒண்ணு இருக்கு” என்றாள் வான்டா, குரலைத் தாழ்த்தி. “நாற்பது.”

ஸ்டூல்கள் இரண்டும் கிறீச்சிட்டன. கிழவர்கள் சாவு வீட்டில் நிற்பதைப் போலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

கடையின் கடைசி அலமாரியில் நாற்பது இருந்தது. தோட்டாப் பஞ்சம் வந்த வருடம் ஊர் ஜனம் வெறும் அட்டைப்பெட்டியைக்கூட அள்ளிக்கொண்டு போனது. நாற்பதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்தப் பெட்டிகளுக்கு இடையில் ஒரு சிலந்தி கூடு கட்டி, குடும்பம் நடத்தி, பேத்திக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டது. ஆனால் வெர்லினுக்கு வேறு கணக்கு ஓடியது. ஒருவர் வெந்நீர் கேட்கிறார், ஒருவர் பச்சைத்தண்ணீர் கேட்கிறார். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் இருவருமே குடித்துவிட்டுப் போகிறார்கள்! இந்த யோசனை ஊரில் வேறு எவனுக்கும் வரவில்லையே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகும் இடத்தில் ஒருமுறை சுட்டும் பார்த்தார். நாற்பது சின்ன உடம்பில் பெரிய கோபத்தை வைத்துக்கொண்டிருந்தது. தொப்பி பின்பக்கச் சுவருக்குப் போனது, பொய்ப்பல் இடம் மாறி உட்கார்ந்தது, மணிக்கட்டு தோள்பட்டையை விசாரிக்கப் போய்விட்டு வந்தது. குண்டு பக்கத்து ஆளின் இலக்கில் நடு மையத்தில் பாய்ந்திருந்தது. அந்த ஆள் நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, வறுத்த வெண்டைக்காய். ஆர்டித் சமையலறையில் பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு வெட்டுவதும் கதவு வழியாக மேஜையை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

“பிஸ்கட்” என்று எல்வுட் மேஜைக்கு அடியில் இருந்த நாயைக் கூப்பிட்டார். “அந்தப் போலீஸ்காரன்கிட்ட மிளகுத்தூளை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

நாய் டஸ்டினைப் பார்த்தது. டஸ்டின் தள்ளினான். “பிஸ்கட், வந்திருக்கிறவர் என்ன வச்சிருக்காருன்னு அந்தப் பெரியவரையே கேக்கச் சொல்லு.”

வெர்லின் எழுந்தார். தோட்டாக்களை முன்பே காலி செய்து வைத்திருந்ததைத் திறந்து காட்டி, கோழிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் வைத்தார். எல்வுட் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். குழலில் பொறித்திருந்ததைப் படித்தார்.

“நாலு...” கிழவர் முகம் பூவாய் மலர்ந்தது. “ஆர்டித்! கையை நீட்டும்மா, மோதிரம் போடட்டும். நாலு... நாலு...” பூதக்கண்ணாடி நகர்ந்தது. “சைபர்?”

கடிகாரம்கூட நின்று கேட்டது.

எல்வுட் நாயை மறந்தார். “டேய் டஸ்டின்! இங்க வாடா! இந்த ஆளு என்னத்தை வாங்கிட்டு வந்திருக்கான்னு பாருடா!”

டஸ்டின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். “ஐயோ தாத்தா! நாற்பதா? ஷெரீப் ஆபீஸ்ல நாங்களே இதைத் தூக்கிப் போட்டு எவ்வளவு நாளாச்சு!”

“ஒன்பது மாதிரி நிறையவும் போட முடியாது...”

“நாற்பத்தஞ்சு மாதிரி கனமும் கிடையாது தாத்தா!”

“உதை மட்டும் கழுதை மாதிரி!”

“கழுதையா? கழுதைக்கு நன்றி உண்டு தாத்தா!”

கிழவர் சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்ட, உருளைக்கிழங்கு தட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தது. பேரன் தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான். நாய்க்கு வேலை போய்விட்டது. அது இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்ப் படுத்தது.

“இவனுக்கா என் பொண்ணு?” என்றார் எல்வுட்.

“தாத்தா சொல்றதுதான் சரி” என்றான் டஸ்டின். அவன் வாயில் இந்த வாக்கியம் முதல்முறையாக வந்தது.

வெர்லின் துப்பாக்கியை எடுக்க அவசரமாகக் கை நீட்டினார். “நாளைக்கே மாத்திடறேன்” என்று கெஞ்சினார். “நீங்களே சொல்லுங்க, எதை வாங்கட்டும்?”

“நாற்பத்தஞ்சு!” என்றார் கிழவர்.

“ஒன்பது!” என்றான் பேரன்.

சிரிப்பு அப்படியே உறைந்தது. தோளில் இருந்த கை கீழே இறங்கியது. தாத்தா மூக்கை ஒரு பக்கம் திருப்பினார், பேரன் மறுபக்கம். தாழ்வாரத்தில் நாய் பெருமூச்சு விட்டு எழுந்து நின்றது.

“மாத்தக் கூடாது!”

ஆர்டித் சமையலறை வாசற்படியில் இனிப்புத் தட்டோடு நின்றிருந்தாள். கண்ணெல்லாம் ஈரம். “வெர்லின், அதைத் தொட்டீங்கன்னா பாருங்க! வான்கோழிக்கு அப்புறம் இந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சு இன்னிக்குத்தான் பார்க்கறேன்.” பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். “இவரை அனுப்பிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை யாரைத் திட்டுவீங்க? ஒருத்தரை ஒருத்தரா?”

தாத்தாவும் பேரனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்தது, கிறிஸ்துமஸ் என்று நாயின் வழியாக நடக்கவேண்டிய பேச்செல்லாம் அவர்கள் முகத்தில் ஓடியது.

“ஞாயித்துக்கிழமை மட்டுமா வருவான்?” என்றார் எல்வுட் மெதுவாக.

“இங்கேயேதான் இருப்பாரு” என்றாள் ஆர்டித்.

“தினமும் திட்டலாமா?”

“காலையிலயும் திட்டலாம்.”

டஸ்டின் வெர்லினை மேலும் கீழும் பார்த்தான். “பாதியில மனசு மாறி ஒன்பதுக்கோ நாற்பத்தஞ்சுக்கோ போக மாட்டீங்களே, சார்?”

வெர்லின் நாற்பதைப் பார்த்தார். மணிக்கட்டு இன்னும் வலித்தது. மீதிக் காலம் முழுக்க அந்தக் கழுதையின் உதையும், ஊர் மொத்தத்தின் சிரிப்பும், தேவாலயத்தில் எந்தப் பக்கமும் இல்லாமல் நடு வழியில் மடக்கு நாற்காலியும் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு ஆர்டித்தைப் பார்த்தார்.

“சாகிற வரைக்கும் நாற்பதுதான்” என்றார், பாதிரியார் முன்னால் சொல்வதைப் போலக் கையை உயர்த்தி.

எல்வுட் இனிப்பில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வெர்லின் தட்டில் வைத்தார்.

“சரி மாப்பிள்ளை. முதல்ல அந்தச் சனியனை எடுத்து இடுப்புல சொருகு. சாப்பிடற இடம்.”

“சொருகறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க தாத்தா” என்றான் டஸ்டின், நாற்காலியைத் தாத்தாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு.