ரோமாபுரியின் ஈயக் குழாய்

இரவு வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் வழியை அடைத்துக்கொண்டு நீண்டிருந்தன. கையில் ஒரு நாணயம். சுவரிலிருந்து வெளியே வரும் குழாயை அதன் விளிம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"புரொபசர், இங்க வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். சாம்பல் பூத்த குழாயில் சுரண்டிய இடம் மட்டும் வெள்ளிபோலப் பளபளத்தது.

"ஈயம்" என்றார். "தெருவுலேர்ந்து நம்ம தொட்டி வரைக்கும் இதான் ஓடுது. எந்தக் காலத்துல போட்டானுங்களோ. இத மாத்தியே ஆகணும். ரோமாபுரியே இதனாலதான அழிஞ்சுது?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெறுமனே குழாயை மாத்தணும் என்று சொல்லியிருந்தால் நான் சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் உண்மையா என்று தெரியவில்லை.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில், கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவியபடி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சரித்திர வீடியோக்களைக் கேட்பவர். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நான் கல்லூரியில் சரித்திரம் எடுத்து இரண்டாம் வருடம் போவதை நிறுத்தியவன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை, அப்புறம் போவதற்கு வெட்கமாக இருந்தது. பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. அத்தான் எனக்குப் புரொபசர் என்று பெயர் வைத்தார். முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். போகப்போக அதில் கொஞ்சம் மரியாதையும் கலந்துவிட்டது. அந்த மரியாதையை நான் பிடித்துக்கொண்டேன். வேறு எங்கேயும் எனக்கு அது கிடைக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு அக்காவுக்கும் எனக்கும் மிஞ்சிய வீடு அது. முன்னறை எனக்கு, மீதி அக்கா குடும்பத்துக்கு. காலையில் நான் வருவதற்கும் அத்தான் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் ரோம்தான். ஊர் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்துக்கொண்டிருந்தான் என்பார். அந்தக் காலத்தில் பிடிலே கிடையாது, தீப்பிடித்தபோது ஆள் ஊரிலும் இல்லை என்பேன். கட்டைவிரலைக் கீழே காட்டினால் தோற்ற வீரனுக்குச் சாவு என்பார். விரலை எந்தப் பக்கம் காட்டினால் சாவு என்று இன்றைக்கு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பேன். எதிரி ஊரை இடித்து மண்ணில் உப்புப் போட்டு உழுதார்கள் என்பார். அது பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த கதை என்பேன். அத்தான் தோற்பதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மறுநாள் புதிதாக ஒன்றைக் கொண்டு வருவார். அக்காதான் கத்துவாள். "ரெண்டு பேரும் அந்த ரோமுக்கே போய்த் தொலைங்க. போறப்ப குப்பைக் கூடையையும் எடுத்துட்டுப் போங்க."

அன்று குழாய் விஷயத்தில் நான் அவரை முழுசாக மடக்கினேன். ரோமாபுரி ஈயத்தால் அழிந்தது என்பது கேட்க ருசியான கதை, அவ்வளவுதான் என்றேன். அவர்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொஞ்ச நாளில் குழாயின் உட்புறம் சுண்ணாம்பு படிந்து ஓடு கட்டிவிடும், அப்புறம் தண்ணீர் ஈயத்தைத் தொடுவதே இல்லை. போதாததற்கு அவர்கள் ஊரில் தண்ணீர் பெரும்பாலும் இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்கும், குழாய்க்குள் தேங்கி நிற்காது. தேங்கினால்தானே ஈயம் கரையும்? அதே சாம்ராஜ்யத்தின் கிழக்குப் பாதியிலும் அதே குழாய்தான். அது இன்னும் ஆயிரம் வருடம் நின்றதே, எப்படி?

அத்தான் தொட்டிக்குக் கீழிருந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடியில் நூலாம்படை. அக்கா எட்டு மாதக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"கதையெல்லாம் இருக்கட்டும். இப்ப மாத்தணுமா, வேணாமா?"

"வேணாம்" என்றேன். "இத்தன வருஷமா நாம குடிக்கலியா? நமக்கு என்ன ஆச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகலன்னு யாருடா சொன்னா?" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். குட்டியும் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அத்தான் எழுந்து கையைக் கழுவினார். "புரொபசர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு விஷயங்களை நான் சொல்லவில்லை. குழாய் என் அறைத் தரைக்கு அடியில் போகிறது. மாற்றுவதென்றால் நாலைந்து நாள் பகலில் உளியும் சுத்தியலுமாக இருக்கும். அந்த வீட்டில் பகலில் தூங்குகிறவன் நான் ஒருவன்தான். இது ஒன்று. மற்றது, ஈயக் குழாய்த் தண்ணீர் உடம்புக்குக் கெடுதி, ஈய வேலை செய்கிறவர்களின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்று அந்தக் காலத்துக் கட்டடக்காரர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். கல்லூரியில் படித்தது. அத்தானோடு பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அது ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அக்கா பாத்திரம் கழுவி முடித்துக் குழாயை மூடினால் அப்புறம் யாரும் திறக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு நான் வந்து திறப்பேன். கெட்டிலை நிரப்பிக் கொதிக்க வைப்பேன். ஆறியதும் பால் பவுடர் அளந்து போட்டுக் குலுக்கி முதல் பாட்டிலைத் தயார் செய்வேன். மீதி வெந்நீரைப் பகலுக்காகப் பிளாஸ்கில் ஊற்றி மூடுவேன். அக்கா அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும் என்று நானாக ஏற்றுக்கொண்டது அது. குட்டி என் மடியில் படுத்து, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் என்னையே பார்த்தபடி குடிக்கும். கிடங்கில் ராத்திரி முழுக்க யாருடைய பெட்டிகளையோ யாருடைய ஊருக்கோ தள்ளிவிட்டு வருகிறவனுக்கு, நாளில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று தோன்றும். பாட்டில் விட்டுக் கப்புக்கு மாறியபிறகும் காலைப் பால் என்னுடையதாகவே இருந்தது.

இரண்டு வயதில் குட்டி முப்பது வார்த்தை பேசினாள். அக்கா ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். இரண்டரை வயதில் அந்தத் தாளில் பாதி வார்த்தைகளை அவள் சொல்வதில்லை. நிலா போனது. செருப்பு போனது. மாமா 'மா' ஆனது. காரணமில்லாமல் அழுவாள், வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சில குழந்தைகள் அப்படித்தான் என்றார் ஒரு டாக்டர். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா சின்னப் பெண். குட்டியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "வீடு பழசா?" என்று கேட்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மூன்று பேரும் போயிருந்தோம். டாக்டரம்மா தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, ரத்தத்தில் இருக்கும் ஈயம் என்று ஓர் எண்ணைக் காட்டினார். இருக்க வேண்டிய அளவு என்று எதுவும் கிடையாது, இருக்கவே கூடாது என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சுவரில் பெயின்ட் உரிகிறதா, குழந்தை மண் தின்னுமா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. அத்தான் குழாயைப் பற்றிச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலைல மொதல்ல குழாயத் தொறக்கறது யாரு?"

"நான்" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுப் பிடிப்பீங்களா?"

"இல்ல. உடனே."

"ராத்திரி பூரா குழாய்க்குள்ள நிக்கற தண்ணிலதான் ஈயம் ஜாஸ்தி கரைஞ்சிருக்கும்."

"கொதிக்க வெச்சுதான் குடுத்தேன்."

"கொதிக்க வெச்சா ஈயம் போகாது. தண்ணிதான் வத்தும்" என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற குரல்.

தேங்கினால்தானே கரையும் என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ரோமாபுரியில் தண்ணீர் நிற்கவில்லை என்பதை வைத்து ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தவனுக்கு, தன் வீட்டில் அது எட்டு மணி நேரம் நிற்கிறது என்பது ஒருநாளும் தோன்றவில்லை. இரண்டு வருடங்களாக அந்தக் குழாயை முதலில் திறந்த கை என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிளாஸ்கில் இருந்ததைக் கொட்டினாள். கெட்டிலைக் கவிழ்த்தாள். அப்புறம் அதைத் தேய்க்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் தேய்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "போய்த் தூங்குடா" என்றாள். அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அத்தான் நான்கு நாள் விடுப்புப் போட்டுத் தானே தரையை உடைத்தார். என் கட்டிலைத் தூக்கி நடைவழியில் போட்டார். நான் தூங்கவில்லை. மண் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே கொட்டினேன். மூன்றாம் நாள் குழாய் முழுதாக வெளியே தெரிந்தது. அவர் வெட்டியெடுத்த ஒரு துண்டின் உள்ளே பார்த்தேன். சுண்ணாம்பு ஓடு எதுவும் இல்லை. கழுவிவிட்டதுபோல வழவழவென்று இருந்தது.

"அத்தான், அன்னிக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"என்ன?"

கட்டடக்காரர் எழுதியதைச் சொன்னேன். உளியை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப அவனுங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

இரண்டு அடி அடித்தார். கல் தெறித்து என் காலில் பட்டது. "அந்த வாளிய இப்பிடித் தள்ளுங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் என்னைப் புரொபசர் என்று கூப்பிடவில்லை. தம்பி என்றார். கோபம் இல்லை, சண்டை இல்லை. வேலைக்குப் போகும்போது இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். காலையில் அந்த ஒரு மணி நேரம் நானும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். புதுக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா இரண்டு நிமிடம் ஓடவிட்டபிறகுதான் பிடிப்பாள், தேவையே இல்லாவிட்டாலும். குட்டிக்குப் பால் கலப்பதும் அவள்தான். ஒருநாள் தவறாமல் நான் வருவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறாள்.

ரத்தத்தில் அளவு குறைந்துகொண்டு வருகிறது. போன வார்த்தைகள் வருமா என்று கேட்டால் யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. குட்டிக்கு நாலு வயது. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் நானும் அத்தானும் போனோம். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் கிழிந்த படப் புத்தகங்கள். பயிற்சி கொடுக்கிற பெண் வெளியே வந்து, முந்தின பிள்ளைக்கு முடிய இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றாள். "அது வரைக்கும் சும்மா பேசிட்டிருங்க. அவளா எதாவது கேட்டா உடனே பதில் சொல்லிடுங்க. காக்க வெக்காதீங்க."

அவளாக எதையும் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

குட்டி ஒரு புத்தகத்தை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். உலகத்தின் பெரிய கட்டடங்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். ரோமாபுரியின் வட்டமான பெரிய அரங்கம், அடுக்கடுக்காக வளைவுகள், ஒரு பாதி உயரமாக, மறு பாதி இடிந்து தாழ்ந்து. அவள் விரல் அந்தத் தாழ்ந்த இடத்துக்குப் போனது. வாய் திறந்து மூடித் திறந்தது.

"ஏன்... உடஞ்சு?"

அத்தான் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"எதிரிங்க" என்றார் அவசரமாக. "எதிரிங்க வந்து உடைச்சுட்டாங்கடா கண்ணு."

அது தப்பு. ஒன்றிரண்டு பூகம்பம் கொஞ்சம் தள்ளியது. மீதியை அந்த ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போய்த் தங்களுக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டார்கள். அத்தான் குட்டியின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் அவர் ரோமைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. என்னை வரச்சொல்கிறாரா, வராதே என்கிறாரா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா" என்றேன். "எதிரிங்கதான்."

அவர் முகத்தைத் திருப்பி மூடியிருந்த கதவைப் பார்க்க ஆரம்பித்தார்.

குட்டி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து இடிந்த பாதியின் மேல் வைத்து மூடினாள். கைக்கு வெளியே கட்டடம் முழுசாக இருந்தது. கையை மெல்ல எடுத்து எட்டிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். இந்த முறை கொஞ்சம் அழுத்தி.