காய்ந்த பிளேட்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. "அக்கா, இதை எழுதித் தொலைச்சிடாதே" என்று என் தம்பி சொல்லிவிட்டுச் சொன்னது. சரி என்றேன். மறுநாள் காலையே நோட்டைத் திறந்துவிட்டேன். இந்த வெட்கத்தை முதலில் கொட்டிவிட்டால் மற்றதைச் சொல்ல வாய் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘ஐம்பத்தேழு வயதில் மறுபடி பெஞ்சில் உட்காருவது அவருக்கு…’

[நிறுத்திவிட்டேன். அவருக்காம்! நான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட பயல் எப்போது ‘அவர்’ ஆனான்?]

எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும். விழுந்தபடியே தருகிறேன்.

"என்னடா, பரீட்சை எப்படி?"

"பரீட்சை இல்லக்கா, பயிற்சி. அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் கையால செஞ்சு காட்டணும். அப்பத்தான் சர்டிபிகேட்டைப் புதுப்பிப்பாங்க."

அவன் வேலை இதுதான்: வெல்டிங் போட்ட இரும்புக்குள் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைத் திரையில் பார்த்து, உள்ளே விரிசல் உண்டா என்று சொல்வது.*

* கருவிக்கும் இரும்புக்கும் நடுவே ஜெல் தடவ வேண்டும், வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது தடவுவார்களே, அது மாதிரி. இல்லாவிட்டால் ஒலி உள்ளே நுழையாது. நீங்கள் இதை மறந்துவிடாதீர்கள். அவன் மறந்தான்.

3

"சோதிக்கக் குடுத்த இரும்பு பிளேட்டைக் கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. மூலையில பதினேழுன்னு கொத்தியிருக்கு. போன தரமும் எனக்கு அதேதான். உள்ளே மூணு குறை. எது எங்கே, எத்தனை மில்லிமீட்டர் ஆழம், எல்லாம் டைரியில இருக்கு. பஸ்ல வரும்போதுதான் புரட்டிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"கருவியைச் சும்மா மேலயும் கீழயும் தேய்ச்சேன். ரிப்போர்ட் எழுதினேன். மூணும் சரி."

"நல்லதாப் போச்சே!"

"பயிற்சி குடுக்கிற அம்மா ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லக்கா. பிளேட் மேல விரலை வச்சு ஒரு இழு இழுத்தாங்க. விரலை என்கிட்ட காட்டினாங்க. காய்ஞ்சு கிடக்கு. ‘சார், ஜெல் எங்கே?’ன்னாங்க. நான் பாட்டில் மூடியே திறக்கல. முப்பது வருஷமா தடவுற கை! நான் எதையும் தேடலைன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு."

நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மடையா, திருடப் போறவன் கொஞ்சம் எண்ணெயாவது தடவிக்கக் கூடாதா?"

அவனும் சிரித்தான். அப்போது அவன் கண்கள் கல…

[இல்லை. கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. நானும் ஜெல் தடவாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

4

சிரிப்பு அடங்கியதும் சொன்னான்.

"புது மெஷின்க்கா. பட்டனே கிடையாது, தொடுதிரை. எங்கே ஆரம்பிக்கிறதுன்னே புரியல. சுத்திலும் சின்னஞ்சிறுசுங்க. கேக்க நாக்கு எழும்பல."

"உங்க கம்பெனியில பழசுதானே?"

"அங்கயும் இதுதான். வந்து எட்டு மாசமாச்சு."

போன மாதம் ஆஸ்பத்திரி பாய்லரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தான். சட்டென்று ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும், தரையைப் பார்த்தான்.

"டம்ளரைக் குடு, கழுவணும்" என்றேன்.

5

முடிவு ஒன்று: திங்கட்கிழமை அந்த அம்மா வேறு பிளேட் தருகிறார். ‘எனக்கு இந்த மெஷின் தெரியாதும்மா’ என்கிறான் தம்பி. (திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பது நிஜம். போவானா, தெரியாது.)

முடிவு இரண்டு: பாய்லர் வெடிக்கிறது.

[கிழித்துவிட்டேன். எழுதும்போது, ‘அட, கதை சூடு பிடிக்குதே’ என்று எனக்குள் ஒரு குஷி. அந்தக் குஷியை எந்தத் தண்ணீரில் கழுவுவது?]

6

இன்று போன் செய்தேன்.

"சொல்லுக்கா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"அங்கே மழையா?"

"இல்ல."

வெயில், கொசு, கரண்ட் என்று இன்னும் நாலு கேட்டேன்.

"அக்கா, கேக்க வந்ததைக் கேளேன்."

அடுத்த வரி என்னுடையது: ‘அந்த ஆஸ்பத்திரி பாய்லரை நெஜமாவே பார்த்தியாடா?’ எழுதிவிட்டேன், பாருங்கள். எழுபத்திரண்டு வயதில் இதை எழுத வருகிறது; கேட்கத்தான் வரவில்லை.

உங்களுக்கு அவன் தம்பி இல்லையே. இந்தாருங்கள், போன். அவன் இன்னும் வைக்கவில்லை.