கண்ணுப் பெட்டிக்குள் ஒரு கடல்

1999 ஆனி மாதம் திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் டான்சில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த உடையப்பன் என்ற ஏழு வயதுப் பையன், உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறைந்து, பத்து நிமிடம் கழித்து முட்டிவரை ஈரத்தோடு திரும்பி வந்தான். பிள்ளைகள் பயத்தை மறக்கட்டும் என்று டாக்டர் ஆனந்த்ராஜ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, கம்ப்யூட்டரோடு இணைத்துக் கண்ணில் மாட்டுகிற பெட்டிக்குள் ஒரு கடல் இருந்தது. அதில்தான் கால் நனைத்துவிட்டு வந்திருந்தான். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில் கடல் கிடைத்தால் விடுவார்களா? போய்வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மயக்க ஊசிக்குக் கை நீட்டினார்கள். கம்பெனிக்காரன் சொன்னதைவிடப் பெட்டி கொஞ்சம் நன்றாகவே வேலை செய்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

பெட்டியை மாட்டிவிடும் வேலை ஆயா அல்போன்சாவுடையது. மாட்டும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தாயிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வைப்பாள். வெறுமனே "போறேன்" என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறிய அவள் புருஷன் பதினோரு வருடமாகத் திரும்பவில்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. காலையில் வீட்டைப் பூட்டும்போது சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் நிற்கும் அந்த ஒரு நொடி அவளுக்கு ஆகவே ஆகாது.

2002-இல், அநாதை விடுதியில் வளர்ந்த எட்டு வயது தமிழ்நிலாவைக் குடல்வால் வெடிக்கும் நிலையில் கொண்டுவந்தார்கள். பயத்தில் யாரையும் தொடவிடவில்லை. வார்டன் அட்மிஷன் பாரம் நிரப்பப் போயிருந்தார்.

"போயிட்டு வாரேன்னு சொல்லுடி ஆத்தா."

"யார்ட்ட?"

எங்கிட்டச் சொல்லு என்று அல்போன்சாவின் நாக்கு புரள்வதற்குள், பிள்ளை பெட்டியைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டு "போறேன்" என்றது.

பத்து நிமிடம் அரை மணியானது. கையுறையோடு நின்ற டாக்டர், இனியும் தாமதித்தால் உயிர் தங்காது என்று கத்தினார். அல்போன்சா பெஞ்சில் கிடந்த பெட்டியை எடுத்துத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள். உள்ளே, கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. "போடி, அங்கன ஒனக்கு நான் இருக்கேன்ல" என்று முதுகில் கைவைத்து அனுப்பினாள். பிள்ளை பெஞ்சில் வந்து விழுந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அல்போன்சா வரவில்லை. கிளம்பிய அவசரத்தில் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல யார் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

தையல் பிரிக்கும்வரை தமிழ்நிலா தினமும் பெட்டிக்குள் வாய்வைத்து, "வாங்கம்மா, நான் இருக்கேன்" என்று கூப்பிட்டாள். அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நர்ஸுகள் சமாதானம் சொன்னார்கள். அதன்பிறகு போய்வந்த பிள்ளைகளும் சொன்னார்கள்: கரையில் ஒரு ஆயா இருக்கிறார், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, நேரமானால் முதுகில் கைவைத்து அனுப்பிவிடுகிறார். அந்த வேலைக்கு ஆஸ்பத்திரி வேறு ஆள் போடவில்லை.